சும்மா வந்த அணையும் மாமியின் லைட் பில்லும்

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் என் மாமி இருக்கிறா. ஒரு அறை, ஒரு குசினி, இரண்டு பல்பு, ஒரு மேசைக் காற்றாடி. ஃபிரிட்ஜ் இல்லை. மாதம் 30 அலகுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதில் அவவுக்கு ஒரு பெருமை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் லைட் பில்லுகளை மாத வாரியாக அடுக்கி, ரப்பர் பட்டி போட்டு வைத்திருக்கிறா.

அந்த டின்னைத் திறந்தால் நாட்டின் நான்கு ஆண்டுக் கதையும் இருக்கிறது. 2022 ஜூலை வரை 30 அலகுக்கு வரி நீங்கலாக 105 ரூபாய். அலகுக்கு 2 ரூபாய் 50 சதம், நிலைக்கட்டணம் 30 ரூபாய். ஓகஸ்ட் மாதத்துப் பில்லில் அலகு 8 ரூபாய், நிலைக்கட்டணம் 120, ஆக 360 ரூபாய். 2023 பெப்ரவரிக்குப் பிறகு அலகு 30 ரூபாய், நிலைக்கட்டணம் 400. கூட்டினால் 1,300 ரூபாய். ஏழு மாதத்தில் 12 மடங்குக்கு மேல். அதே காற்றாடி, அதே இரண்டு பல்பு. அந்த ஆண்டு ஜூலையில் 450க்கு இறங்கியது, பிறகு ஏறியும் இறங்கியும் வந்தது. ஆனால் 1,300 ரூபாய்ப் பில்லை மட்டும் மாமி தனியாக மடித்து வைத்திருக்கிறா, யாரிடமோ காட்டி நியாயம் கேட்கப்போவதுபோல.

கடைசியில் என்னிடம்தான் கேட்டா.

"தம்பி, விக்டோரியா டாம் வெள்ளைக்காரன் சும்மா கட்டித் தந்ததெண்டு அந்தக் காலத்துப் பேப்பரெல்லாம் எழுதினது. சும்மா வந்த கரண்டுக்கு ஏன் இவ்வளவு காசு?"

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னோடேயே வந்தது. ‘சும்மா’ என்ற சொல்லுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. இது அந்தக் கணக்கு.

முதலில் வரவு. துரித மகாவலித் திட்டத்தில் ஐரோப்பிய நாடுகள் கைகொடுத்து எழுந்த பெரிய மின் அணைகள் நான்கு. விக்டோரியா, பிரித்தானியாவின் நன்கொடை: 210 மெகாவாட். கொத்மலை, சுவீடனின் உதவி: 201 மெகாவாட். ரந்தெனிகல, அன்றைய மேற்கு ஜேர்மனி: 122. அதற்குக் கீழே ரந்தம்பே, அதுவும் ஜேர்மனியின் உதவி: 49. மொத்தம் 582 மெகாவாட். முதல் இரண்டும் 1985இல் திறக்கப்பட்டன, ரந்தெனிகல 1986, ரந்தம்பே 1990. கனடா கொடுத்த மாதுறு ஓயாவை நான் சேர்க்கவில்லை. கனடா ஐரோப்பாவில் இல்லை, அந்த அணையின் வேலையும் பெரும்பாலும் வயலுக்குத்தான்.

நான்கிலும் அழகானது விக்டோரியா. இரண்டு பக்கமும் வளைந்த கொங்கிரீட் வில். உயரம் 122 மீற்றர், நீளம் 520 மீற்றர், தேங்கும் நீர் 722 மில்லியன் கனமீற்றர். அந்தத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே சுமார் 190 மீற்றர் கீழிறங்கிச் சுழலிகளில் விழுகிறது. பள்ளிக்கூடப் பௌதிகத்தை வைத்துக் கணக்கிட்டால், இயந்திர இழப்பையும் கழித்துப் பார்க்கும்போது ஒரு கனமீற்றர் நீருக்கு ஏறக்குறைய அரை அலகு மின்சாரம் வரும். துல்லியமாகச் சொன்னால் 0.46. மாமியின் 30 அலகுக்கு 65 கனமீற்றர், அதாவது 65,000 லீற்றர் தண்ணீர் மலையிறங்க வேண்டும். அவ குழாயடியில் வாளி வைத்துப் பிடிக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 15 லீற்றர் வாளி என்றால் 4,300க்கு மேல்.

நிறைந்த விக்டோரியா, மாமியுடையதைப் போன்ற மாதப் பில்லுகள் 1 கோடியே 11 இலட்சத்துக்குப் போதும். அடியில் எடுக்க முடியாமல் கிடக்கும் நீரைக் கழித்தால் சற்றுக் குறையும். ஆனால் மூன்று சுழலிகளையும் இரவு பகலாக முழு வேகத்தில் ஓடவிட்டால், மழையே பெய்யாவிட்டால், 66 நாளில் குளம் காலி. இதனால்தான் ஆண்டு முழுவதும் ஓடினால் வரவேண்டிய மின்சாரத்தில் பாதிகூட விக்டோரியாவிலிருந்து வருவதில்லை. அணையைப் பிரித்தானியா தந்தது; மழையை யாரும் நன்கொடையாகத் தரவில்லை.

இனி விலை. பிரித்தானியா விக்டோரியாவுக்குக் கொடுத்தது ஏறக்குறைய 100 மில்லியன் பவுண். அதை 210,000 கிலோவாட்டால் பிரித்தால் ஒரு கிலோவாட்டுக்கு 476 பவுண். டொலரில் எவ்வளவு என்று கேட்டால் பதில் ஆண்டைப் பொறுத்தது. 1980இல் ஒரு பவுண் 2 டொலருக்கு மேல். 1985 தொடக்கத்தில் 1 டொலருக்குச் சற்றே மேல். ஒரே நன்கொடை, ஐந்து ஆண்டில் டொலரில் பாதியாகச் சுருங்கியது. ஆனால் அந்தச் சுருக்கம் நம்மைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பவுண் பெரும்பாலும் பிரித்தானியாவை விட்டு வெளியே வரவேயில்லை.

அணையை வடிவமைத்து மேற்பார்வை பார்த்தது சேர் அலெக்சாண்டர் கிப் நிறுவனம். கட்டியது பல்ஃபர் பீட்டி, நட்டால் கூட்டு. எல்லாம் பிரித்தானிய நிறுவனங்கள். கொத்மலையைக் கட்டியது சுவீடனின் ஸ்கன்ஸ்கா. காசு கொடுத்த நாட்டின் கடையிலேயே பொருள் வாங்கவேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். இதைக் கட்டுப்பட்ட உதவி என்பார்கள். நம்மூர்க் கலியாண வீட்டு மொய் நினைவுக்கு வருகிறது. கையில் காசாகத் தராமல், தன் மச்சானின் நகைக்கடைச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். வாங்கத்தான் வேண்டும். கூலி, சேதாரம் என்ன என்று கேட்க முடியாது.

அந்தச் சேதாரத்துக்கும் ஒரு கணிப்பு உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு சொல்வதன்படி, கட்டுப்பட்ட உதவியில் வாங்கும் பொருளின் விலை திறந்த சந்தையைவிட 15 முதல் 30 வீதம் கூடுகிறது. இதை விக்டோரியாவுக்குப் பொருத்தினால் 100 மில்லியன் பவுணின் உண்மைப் பெறுமதி 77 முதல் 87 மில்லியன் வரை. மீதி 13 முதல் 23 மில்லியன் வரை, கொடுத்தவர் தன் வீட்டுக்காரருக்கே கொடுத்தது. இது என் உத்தேசக் கணக்குத்தான். ஆனால் புத்தகத்தில் ‘இலங்கைக்கு உதவி’ என்று முழுத் தொகையும் ஏறியிருக்கும் என்பதில் உத்தேசம் எதுவும் இல்லை.

பிரித்தானியாவிலேயே இந்த வழக்கம் ஒருநாள் சந்தி சிரித்தது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 234 மில்லியன் பவுண் உதவி கொடுத்ததன் பின்னால் ஆயுத வியாபாரம் இருந்தது தெரியவந்து, அந்த உதவி சட்டத்துக்கு மாறானது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. 2001 ஏப்ரலிலிருந்து பிரித்தானியா கட்டுப்பட்ட உதவியைக் கைவிட்டது. நமக்கு அது 16 வருடம் பிந்திய நல்ல செய்தி.

அடுத்தது செலவுப் பக்கம். இந்தப் பக்கத்தை எழுதியது யாருமில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கித்தான் சேர்க்கவேண்டும்.

1960களில் ஐக்கிய நாடுகள் நிபுணர்கள் போட்ட மகாவலித் திட்டம் 30 ஆண்டுக்கானது. 9 இலட்சம் ஏக்கருக்குத் தண்ணீர், வரிசையாக அணைகள், நிதானமாக. 1977இல் வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு முக்கிய அணைகளை மட்டும் பொறுக்கி 6 ஆண்டில் முடிப்பதாக அறிவித்தது. அமைச்சர் காமினி திசாநாயக்க. வெளிநாட்டு உதவி வெளிநாட்டுச் செலவைத்தான் பார்த்தது. சீமெந்து, மண்வேலை, கூலி, பாதை, இடம்பெயர்ந்தவர்களுக்கான வீடு என்று ரூபாயில் ஆன செலவு நம் திறைசேரியின் தலையில். நான்கு நாடுகள் ஒரே நேரத்தில் நான்கு அணைக்குக் காசு கொடுத்தால், நான்குக்கும் ஒரே நேரத்தில் நாமும் ரூபாய் போடவேண்டும். 1980இல் பணவீக்கம் 26 வீதம். எல்லாம் மகாவலியால் என்று சொல்ல மாட்டேன், எண்ணெய் விலையும் அப்போது ஏறியது. ஆனால் அந்த அவசரத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை அரிசிக் கடையிலும் பாண் கடையிலும் கட்டியது மாமியைப் போன்றவர்கள்.

தண்ணீருக்கடியில் போனவை வேறு கணக்கு. விக்டோரியாவுக்குள் பழைய தெல்தெனிய நகரம் முழுவதும் மூழ்கியது. கடைவீதி, பாதை, பாலம் எல்லாம். பல்லாயிரம் பேர் எழும்பிப் போனார்கள். சிலருக்கு மகாவலிக் குடியேற்றங்களில் காணி, சிலருக்கு மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த துண்டு. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய சுவர்கள் தலைகாட்டும். கொத்மலையில் கடதொர விகாரையின் சிதைவுகள் அப்படித்தான் வெளியே வரும். கொழும்பிலிருந்து வான் பிடித்துப் போய்ப் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். கொத்மலையில் மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகாசாய என்ற பெரிய தூபி எழுப்பப்பட்டது. 1983இல் தொடங்கி 2016இல்தான் முடிந்தது. அணைக்கு ஆறு வருடம், அதன் நினைவுக்கு முப்பத்துமூன்று.

1983 என்றதும் இன்னொரு பதிவு. அந்த ஜூலையில் விக்டோரியாவின் கொங்கிரீட் ஏறிக்கொண்டிருந்தது. தமிழருக்கெதிரான கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்துகொண்டிருந்தது. மாமி அப்போது வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தவ. அகதி முகாமில் சில நாள், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. "பிஸ்கட் டின் ஒண்டு மட்டும்தான் கையிலை" என்று சொல்லுவா. அது இப்போது இருக்கும் டின் இல்லை. உதவி நிறுத்தப்படவில்லை. அணை வேலை ஒரு ஒப்பந்தம், கலவரம் வேறொரு கோப்பு. 1985 ஏப்ரல் 12ஆம் திகதி மார்கரட் தட்சர் நேரில் வந்து விக்டோரியா திறப்பு விழாவில் கலந்துகொண்டார்.

மகாவலியின் பெயரால் வடக்கு, கிழக்கு எல்லையில் நடந்ததும் நன்கொடையாளரின் புத்தகத்தில் இல்லை. 1984இல் மணலாற்றுத் தமிழ்க் கிராமங்கள் காலியாக்கப்பட்டன. 1988இல் அந்தப் பகுதி மகாவலி ‘எல்’ வலயமானது, பெயர் வெலி ஓயா ஆனது. மகாவலி ஆற்றின் நீர் இன்றுவரை அங்கு போய்ச் சேரவில்லை. ஆற்றுக்கு முன்னால் மகாவலி அதிகாரசபை போய்ச் சேர்ந்த இடம் அது.

இதெல்லாம் நமக்கு மட்டும் நடந்ததா? ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்காவுக்குப் போன உதவியைப் பார்த்தால் நம் கொத்மலைக்கு ஒரு மூத்த சகோதரன் இருக்கிறான். தன்சானியாவில் கிடாட்டு. சுவீடனும் உலக வங்கியும் சேர்ந்து நிதி கொடுத்தன. 1975இல் முதற்கட்டம், 1980இல் இரண்டாம் கட்டம். 204 மெகாவாட். கொத்மலை 201. மூன்று மெகாவாட்தான் வித்தியாசம்.

ஆனால் தன்சானியாக் கதையின் பின்பாதிதான் எனக்குச் சுவாரசியம். கிடாட்டு இருக்கும் ஆறு ருஃபிஜி என்ற பேராற்றில் கலக்கிறது. ருஃபிஜியில் மாபெரும் அணை ஒன்று கட்டலாம் என்று 1970களிலேயே நோர்வே நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள். ஆய்வுக்குக் காசு கிடைத்தது, அணைக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 2018இல் தன்சானியா தன் சொந்த வரவு செலவில், எகிப்திய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. ஜூலியஸ் நைரேரே அணை: 2,115 மெகாவாட், சுமார் 2.9 பில்லியன் டொலர், கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 1,370 டொலர். கடைசிச் சுழலி 2025இல் ஓடத் தொடங்கியது. அது வனவிலங்குச் சரணாலயத்தின் நடுவே கட்டப்பட்டது என்ற கண்டனம் உண்டு, நியாயமான கண்டனம். ஆனால் யாருடைய கடையில் சாமான் வாங்குவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

நாமும் பிறகு வேறு கடைகளுக்குப் போனோம். நுரைச்சோலை அனல்மின் நிலையம், சீனக் கடன்: 900 மெகாவாட், 1.35 பில்லியன் டொலர், கிலோவாட்டுக்கு 1,500 டொலர். ஆனால் அதற்கு நிலக்கரி வாங்கவேண்டும், டொலரில், ஒவ்வொரு வருடமும். உமா ஓயா, ஈரானின் ஒப்பந்தக்காரர்: 120 மெகாவாட், 500 மில்லியன் டொலருக்கு மேல், கிலோவாட்டுக்கு 4,000ஐத் தாண்டும். 2024 ஏப்ரலில் திறந்தார்கள். அதிலும் ஈரானின் கடன் சிறு பகுதிதான் வந்தது; பொருளாதாரத் தடையால் மிச்சத்தை நாமே போட்டோம். அணைகளையும் அனல் நிலையத்தையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்று தெரியும். அணை வயலுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

உண்மையான வித்தியாசம் கொங்கிரீட்டில் இல்லை, வட்டியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் உலக வங்கியின் சலுகைக் கடன் 50 ஆண்டுக்கு, முதல் 10 ஆண்டு முதலைத் தொடவேண்டாம், சேவைக் கட்டணம் 0.75 வீதம். 2007 ஒக்டோபரில் இலங்கை முதல் தடவையாகச் சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலர் முறி விற்றது. வட்டி 8.25 வீதம். ஒரு வருட வட்டி 41.25 மில்லியன் டொலர். அதே தொகையைப் பழைய சலுகைக் கடனாக வாங்கியிருந்தால் வருடத்துக்கு 3.75 மில்லியன். பதினொரு மடங்கு. நடுத்தர வருமான நாடாகிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்த்தியதன் விலை அது. பட்டம் கிடைத்தது, சலுகை போனது.

அந்த வழியில் போய்த்தான் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. விக்டோரியா திறந்து சரியாக 37 வருடம், அதே திகதி. யாரும் திட்டமிட்டதில்லை, நாட்காட்டி சில வேளை இப்படி விளையாடும்.

இப்போது மாமியின் 1,300 ரூபாய்க்கு வருவோம். அந்த 1,300இல் விக்டோரியாவின் பங்கு மிகச் சொற்பம். தண்ணீருக்குப் பில் இல்லை. அணைக்குக் கடன் இல்லை. மீதியெல்லாம் நிலக்கரி, எண்ணெய், கடன் வட்டி, மின்சார சபையின் பழைய நட்டம். 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாயில் கட்டிப்பிடித்து வைத்திருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் நின்று, எட்டாம் மாடிக்குத் தண்ணீர்ப் போத்தலோடு ஏறிய முழங்கால்கள் அந்த மாதத்தை மறக்காது. அந்தப் 13 மணித்தியாலம் போக மிச்சமிருந்த 11 மணித்தியாலத்தில் ஒரு பங்கைத் தாங்கியது மலையிலிருந்து இறங்கிய தண்ணீர். இதை மாமியிடம் சொன்னேன்.

"அப்ப வெள்ளைக்காரன் தந்தது நல்லதெண்டு சொல்லுறாய்?"

தந்ததிலும் எடுத்தான், மாமி. எடுத்த பிறகும் மிஞ்சியது நல்லதுதான்.

விலையோடுதான் அந்த நன்கொடை வந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன். கால்பங்கு வரை அவர்கள் கைக்கே திரும்பியது, அவசரத்தின் செலவை நாம் கட்டினோம், எழும்பிப் போனவர்கள் தங்கள் ஊரைக் கொடுத்தார்கள், 1983ஐ யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கழித்த பிறகும், இந்த நாடு வாங்கிய மின்சாரத்தில் மிக மலிவானது அதுதான். தூதரகங்களில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், நம்மூர்த் தேசியவாதிகள் சொல்லவே மாட்டார்கள்.

இனி அப்படி ஒன்று வராது. வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவிக்கு ஒதுக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தது 1970இல். பிரித்தானியா 2013இல்தான் அதை எட்டியது, 2015இல் சட்டமாக்கியது, 2021இல் 0.5க்கு வெட்டியது. 2025 பெப்ரவரியில், 2027க்குள் 0.3க்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. மிச்சக் காசு பாதுகாப்புச் செலவுக்கு. நோர்வே, ஒரு காலத்தில் நம் சமாதானப் பேச்சுக்கே அனுசரணை செய்த நாடு, 2023இல் கொழும்புத் தூதரகத்தையே மூடிவிட்டுப் போனது. பிரான்ஸ் இப்போது இங்கு பெரிதாகத் தெரிவது கடன் கொடுத்தோர் குழுவின் இணைத் தலைமையில். 2024 ஜூன் 26இல் 5.8 பில்லியன் டொலர்க் கடனை மறுசீரமைக்கும் உடன்பாடு அந்தக் குழுவோடு கையெழுத்தானது. ஐரோப்பாவோடு நமக்கு இருந்த உறவு அணையிலிருந்து தவணைக்கு வந்துவிட்டது.

கடைசியாக ஒரு விபரம். விக்டோரியா அணையைக் கட்டியபோதே, பிற்காலத்தில் இன்னொரு மின்நிலையம் வரும் என்று நினைத்து, அதற்குத் தண்ணீர் எடுக்கும் வாயிலையும் முதல் வாயிலுக்குப் பக்கத்திலேயே சேர்த்துக் கட்டி வைத்தார்கள். 2009இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் ஆய்வு செய்து, அந்த வாயிலைப் பயன்படுத்தி 228 மெகாவாட் விரிவாக்கம் செய்யலாம் என்றது. இரண்டாவது நிலையம் இன்னும் கட்டப்படவில்லை. வாயில் நாற்பது வருடமாக மூடியபடியே இருக்கிறது.